துணையின் கையில் முதல் ஆர்.பி.ஜி.

விட்சர் 3-ஐ எடுத்துக் கொடுக்காதீர்கள். எல்டன் ரிங்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டும் அருமையான கேம்கள். 2015-லும் 2022-லும் அவை வந்தபோது தூக்கம் கெட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஆனால் பல வருடம் கன்ட்ரோலர் பிடித்துப் பழகிய கைக்குத்தான் அவை அருமை. கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, "எந்நேரமும் இதுக்குள்ள என்னதான் இருக்கு, எனக்கும் காட்டுங்க" என்று ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருகிறார். உடனே நமக்கு உயிரான ஆட்டத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அரை மணி நேரத்தில் "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து போவார். அந்தப் பால் பொங்கி முடிய மாதக்கணக்காகும்.

கேம் ஆடுவது கணவன், கற்றுக்கொள்வது மனைவி என்று எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. நேர் எதிராகவும் உண்டு. அதனால் இந்த அத்தியாயம் முழுக்கத் ‘துணை’ என்றே எழுதுகிறேன்.

கை எங்கே தடுக்கிறது

ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம்) என்றால் கதை பெரிது, விதிகள் நிறைய, அதனால் புதியவர் தடுமாறுகிறார் என்று நினைக்கிறோம். கதையில் யாரும் தடுமாறுவதில்லை. பத்து வருடம் ஓடிய மெகா சீரியலில் யார் யாருக்கு என்ன உறவு என்று தலைகீழாகச் சொல்லக்கூடியவருக்கு நாலு ராஜ்ஜியமும் ஏழு வீரர்களும் ஒரு பொருட்டல்ல. தடுப்பது கட்டைவிரல்தான்.

இன்றைய முப்பரிமாண ஆட்டம் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஸ்டிக் காலை நடத்தும், வலது ஸ்டிக் கண்ணைத் திருப்பும். இரண்டையும் ஒரே நேரத்தில் அசைத்தால்தான் மனிதன் மாதிரி நடக்க முடியும். புதியவர் முதலில் நடப்பார், பிறகு நிற்பார், பிறகு பார்வையைத் திருப்புவார், மறுபடி நடப்பார். கொஞ்ச நேரத்தில் கேமரா தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஆள் சுவரில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருக்கும் நமக்குச் சிரிப்பு வரும். அவருக்குத் தலை சுற்றும். நிஜமாகவே சுற்றும்; கதாபாத்திரத்தின் கண் வழியாகவே உலகத்தைக் காட்டும் ஆட்டங்களில் சிலருக்குக் குமட்டலே வரும். ஸ்கைரிம் (2011) போன்றவற்றை முதல் பட்டியலில் சேர்க்காததற்கு எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இதற்கு மேல்தான் ஆர்.பி.ஜி.யின் சொந்தச் சுமை வருகிறது. பலம், சாமர்த்தியம், அறிவு என்று ஆளை எண்களாக்கும் பழக்கம் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற காகித ஆட்டத்திலிருந்து வந்தது. மூட்டை, கவசம், மந்திரப் பட்டியல், வரைபடம், முடிக்கவேண்டிய வேலைகளின் பட்டியல் எல்லாம் அதன் வாரிசுகள். கட்டைவிரல் படியாத ஒருவர் மேல் இத்தனையையும் ஒரே ராத்திரியில் இறக்குவது கொடுமை.

ஆகவே தேர்வுக்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: முதல் ஆட்டம் புதிதாக ஒரு விஷயத்தை மட்டும் கேட்கவேண்டும். எண்களைக் கற்றுத்தருகிற ஆட்டம் என்றால் கைக்கு அவசரம் கூடாது. கையைப் பழக்குகிற ஆட்டம் என்றால் எண்கள் கண்ணில் படக்கூடாது. ஜப்பானில் யூஜி ஹோரி 1986-இல் ‘டிராகன் க்வெஸ்ட்’ செய்தபோது யோசித்ததும் இந்த வழியில்தான். கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த கடினமான சமாச்சாரத்தை, வீட்டு டிவியில் பொருத்தும் பெட்டிக்கு, இதற்கு முன் ஆடியே இராதவர்களுக்காகச் சுருக்கினார். நீங்கள் கட்டளை கொடுக்கும்வரை எதிரி காத்திருப்பான். இந்த முறைவைத்து அடிக்கும் ‘டர்ன் பேஸ்டு’ சண்டை பழைய பாணி என்று இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். புதியவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. நடுவில் எழுந்து போய் மீன்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தாலும் பூதம் அதே இடத்தில் மரியாதையாக நின்றுகொண்டிருக்கும்.

முதலில் மலைக்குக் கூட்டிப் போங்கள்

"உனக்கு எந்த மாதிரி கேம் பிடிக்கும்?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ஆடாதவருக்கு எப்படித் தெரியும்? அவரை வேறொரு இடத்தில் கவனித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கும் சிதறால் மலையை நான் இதற்குச் சிபாரிசு செய்வேன். குமரி மாவட்டத்துக்காரர் அல்லாதவர்கள் தங்கள் ஊரிலேயே ஏறிப் பார்க்க ஏதாவது இருக்கிற ஒரு பழைய மலையைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறுமுன் போங்கள். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. உச்சியில் பெரும்பாறைக்குக் கீழே இயற்கையாக அமைந்த குகை, அதையொட்டி மண்டபம், பக்கத்தில் ஒரு சுனை. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கிறார்கள். படம் விரித்த பாம்போடு பார்சுவநாதர் நிற்கிறார். சிங்கத்தோடு அம்பிகை இருக்கிறாள். 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், இது சமணப் பள்ளி. குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்கே பொன் அணி கொடுத்த செய்தி அவனுடைய 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் வட்டெழுத்தில் இருக்கிறது. பிற்பாடு இது பகவதி கோயிலானது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் விளக்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டு துணை என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

தகவல் பலகையை முழுக்கப் படித்துவிட்டு "பெண் துறவியா? யாரு அவங்க? பொன்னு எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்கிறாரா? அவர் கதை ஆள். பாதையை விட்டு விலகி, அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன, இந்த இடுக்கு எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கிறாரா? அவர் தேடல் ஆள். சுனையோரம் உட்கார்ந்து, கீழே தாமிரபரணியையும் தென்னந்தோப்பையும் ரப்பர் தோட்டத்தையும் பார்த்தபடி, நம் வீட்டுப் பின்பக்கம் நாலு வாழை வைத்தால் என்ன என்று ஆரம்பிக்கிறாரா? அவர் குடித்தன ஆள், ஆர்.பி.ஜி. உலகத்தில் இந்த வகையினருக்கு இருக்கும் மரியாதை வெளியே தெரியாது. எதையும் பார்க்காமல் உங்களுக்கு முன்னால் உச்சிக்குப் போய் நின்று "இவ்வளவுதானா?" என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆர்.பி.ஜி.யே வேண்டாம், கார் ரேஸ் வாங்கிக் கொடுங்கள்.

கதை ஆளுக்கு

முதல் ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு ஆட்டம் சொல்கிறேன். ‘வெண்பா’. கனடாவின் டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் இது ஆர்.பி.ஜி. அல்ல, சமையலும் கதையும்தான். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. அழிந்த இடத்தை நாம் ஊகித்துச் சமைக்கவேண்டும். முதல் புதிரே இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும்? இந்த இடத்தில் ஒரு அதிசயம் நடக்கும். பத்து வருடம் கேம் ஆடிய நீங்கள் விழிப்பீர்கள், கன்ட்ரோலரை முதன்முதலில் தொட்ட துணை உடனே சொல்லிவிடுவார். ‘இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்தது இருக்கிறது’ என்ற நினைப்பு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சாயங்காலத்தில் ஆடி முடித்துவிடலாம். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதும், சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசும் இதற்குத்தான் போயின. மாமியாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், தயாராக இருங்கள்.

அடுத்து ‘டு த மூன்’ (2011). கான் காவ் செய்தது. பார்க்கப் பழைய ஆர்.பி.ஜி. மாதிரியே மேலிருந்து பார்க்கும் சின்னச் சின்னப் படங்கள். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. சாகக் கிடக்கும் ஒரு கிழவனின் நினைவுகளுக்குள் இரண்டு டாக்டர்கள் பின்னோக்கிப் போகிறார்கள். நிலாவுக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை, ஏன் என்று அவனுக்கே தெரியாது. நாலைந்து மணி நேரத்தில் முடியும். போனிலும் கிடைக்கிறது. கைக்குட்டை வைத்துக்கொள்ளவும்.

இவை இரண்டும் பிடித்தால் ‘அண்டர்டேல்’ (2015). டோபி ஃபாக்ஸ் செய்த இந்த ஆட்டத்தில் ஒரு பூதத்தையும் கொல்லாமல், பேசியும் சமாதானம் பண்ணியும் முடிக்கலாம். எச்சரிக்கை: பூதம் அடிக்கும்போது ஒரு சின்ன இதயத்தை நகர்த்தித் தப்பிக்கவேண்டும், அதற்கு விரல் வேகம் தேவை. அதனால்தான் மூன்றாவதாக வைத்தேன்.

ஆங்கிலம் ஒரு பிரச்சினைதான், மறைக்கவேண்டாம். கதை கனமான ஆர்.பி.ஜி.க்களில் தமிழ் எழுத்து அநேகமாகக் கிடையாது. ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) சண்டையே இல்லாத பிரமாதமான துப்பறியும் ஆர்.பி.ஜி.; ஆனால் ஒரு தடித்த ஆங்கில நாவலைப் படிக்கிற உழைப்பு கேட்கும். ஆங்கில நாவல் படிக்கிற துணை என்றால் தயங்காமல் கொடுங்கள், கையில் மவுஸ் ஒன்று போதும். மற்றவர்களுக்கு நீங்கள்தான் பக்கத்திலிருந்து வாசித்து, நம் ஊர்ப் பேச்சில் சொல்லவேண்டும். பூதத்துக்கு விளவங்கோட்டுத் தமிழ் நன்றாகவே பொருந்துகிறது.

குடித்தன ஆளுக்கு

சந்தேகமே இல்லாமல் ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆபீஸ் வேலையில் நொந்துபோன ஒருவர் தாத்தா விட்டுப்போன தோட்டத்துக்கு வருகிறார். ஊர்த்தலைவர் லூயிஸ் 15 பார்ஸ்னிப் விதை தருகிறார். அதில்தான் ஆரம்பம். உழுவது, நடுவது, நீர் ஊற்றுவது என்று ஆரம்பித்து, ஊர்க்காரர்களோடு பழகி, சுரங்கத்தில் இறங்கிச் சின்னதாகச் சண்டை போட்டு, லெவல் ஏற்றும்போது துணைக்குத் தெரியாமலே அவர் ஆர்.பி.ஜி. ஆடிக்கொண்டிருப்பார். வலது ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம்.

மூன்று இடத்தில் புதியவர் சலித்துப்போவார், அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். ஒன்று, மீன்பிடி. இரண்டாம் நாளே வில்லி என்ற மீனவர் தூண்டில் கொடுப்பார். அந்தப் பச்சைக் கட்டையை மீனோடு ஒட்டவைக்கும் வித்தை பழையவர்களுக்கே வேர்க்கும். முதல் மாதம் மீன் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஆசைப்பட்டால் வில்லி கடையிலேயே 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் இருக்கிறது, அது சுலபம். இரண்டு, கடிகாரம். காலை 6 மணிக்கு விடியும், ராத்திரி 2 மணிக்குள் படுக்காவிட்டால் மயங்கி விழுவார். நம் கணக்கில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிஷம். ‘ஐயோ நேரம் போச்சே’ என்று பதறுவார். நாளைக்கும் விடியும் என்று சொன்னால் போதும். மூன்று, பருவம். ஒரு பருவத்துக்கு 28 நாள். 27-ஆம் நாள் ஆசையாக நட்டது 29-ஆம் நாள் கருகிக் கிடக்கும். நிஜத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இதில் அதிகம் கோபப்படுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொன்று. இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும், இரண்டிலும் கரண்ட் போகும். கம்ப்யூட்டரில் ஸ்டார்டியூ ஆடினால், கதாபாத்திரம் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். டெஸ்க்டாப்பில் ஆடும்போது சாயங்காலம் இடி இடித்தால் ஒரு நாள் உழைப்பு போச்சு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் லேப்டாப்பிலோ போனிலோ தொடங்குங்கள்.

தேடல் ஆளுக்கு

‘டிராகன் க்வெஸ்ட் XI எஸ்’. பெரிய உலகம், நல்ல மனிதர்கள், முறைவைத்துச் சண்டை. இலவச டெமோவே பத்து மணி நேரத்துக்குப் போகும், அந்த சேவ் முழு ஆட்டத்திலும் செல்லும். வலது ஸ்டிக் படுத்தினால், முழு ஆட்டத்தைப் பழைய 2டி வடிவத்திலும் ஆடலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிற வீட்டில் ‘போக்கிமான்: லெட்ஸ் கோ’ (2018) கொடுக்கலாம், தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்பது எந்தப் பாஷையிலும் புரியும்.

இரண்டு பேரும் ஒரே திரையில்

‘சைல்ட் ஆஃப் லைட்’ (2014), யுபிசாஃப்ட் மான்ட்ரியல் செய்தது. அரோரா என்ற சிறுமியும் அவளோடு பறக்கும் மின்மினியும். ஒருவர் சிறுமியை ஆட்டலாம், இன்னொருவர் மின்மினியை. மின்மினி சாகாது, பெட்டிகளைத் திறக்கும், எதிரியின் கண்ணைக் கூசவைத்து அவன் முறை வருவதைத் தாமதப்படுத்தும். ‘சுலபம்’ என்று நினைத்துத் துணைக்கு மின்மினியைக் கொடுக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அரோரா அவரிடம் இருக்கட்டும். முடிவு எடுப்பது அவர், மின்மினி நீங்கள். வசனம் முழுக்க ஆங்கில எதுகையில் இருப்பது ஒன்றுதான் குறை.

‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) பற்றிக் கேட்பீர்கள். திரையைப் பிரித்து இருவர் ஆடலாம், சரிதான். ஆனால் அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிப்புத்தகத்தையே உள்ளே வைத்திருக்கும் ஆட்டம். 150 ஜி.பி. இடமும் வேண்டும், தினம் 2 ஜி.பி. போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினால் இரண்டரை மாதம். ஸ்டார்டியூ கேட்பது 500 எம்.பி. பால்டர்ஸ் கேட் மூன்றாவது ஆட்டமாக இருக்கட்டும்.

குமரி மாவட்டத்தில் பல வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அதனால் இதையும் சொல்லவேண்டும். ஸ்டீமில் ‘ரிமோட் ப்ளே டுகெதர்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரே சோபாவில் இருவர் ஆடுகிற ஆட்டத்தை, ஒருவர் மட்டும் வாங்கியிருந்தாலே, மற்றவர் வேறு நாட்டிலிருந்து இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம். படம் அனுப்புவது வாங்கியவரின் கம்ப்யூட்டர், அதனால் அப்லோடு வேகம் நன்றாக இருக்கும் பக்கத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் அழைப்பு எடுபடாத நாட்டில் இருந்தால், ஆடும்போது பேசுவதற்கான வழியையும் முன்பே பார்த்துவைப்பது நல்லது.

காசு, பெரியவர்கள்

போனில் ஓசியில் கிடைக்கும் ‘கென்ஷின் இம்பாக்ட்’ (2020) வகையறாவை முதல் ஆட்டமாக்கவேண்டாம். அழகுதான், ஆனால் நல்ல பாத்திரம் வேண்டுமென்றால் குலுக்கலில் அதிர்ஷ்டம் பார்க்கவேண்டும், குலுக்கலுக்குக் காசு கேட்கும். ஒருமுறை காசு கொடுத்து வாங்கி முடித்துவிடுகிற ஆட்டமே நிம்மதி. ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். முதல் இரண்டு மணி நேரத்தைத் துணையே ஆடட்டும். நீங்கள் ‘சும்மா பார்க்கிறேன்’ என்று ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடாதீர்கள்.

‘ஆன்லைன் கேம்’ என்றாலே வீட்டுப் பெரியவர்களுக்கு ரம்மிதான் ஞாபகம் வரும். அவர்கள் பயத்தில் தப்பில்லை, எத்தனையோ குடும்பங்கள் கெட்டன. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே செய்தது. இதில் பந்தயம் கிடையாது, வாங்கின புத்தகம் மாதிரி என்று ஒரு தடவை உட்கார்ந்து விளக்கிவிடுங்கள். ‘வெண்பா’வைக் காட்டினால் விளக்கம் சுருங்கும்.

முதல் ராத்திரி உங்கள் வேலை

வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் செய்கிற வேலைதான் உங்களுக்கு. கதை சொல்வது வேறொருவர். நீங்கள் "ஆமா" போடவேண்டும். பெட்டியைத் திறக்காமல் தாண்டிப் போகிறாரா, போகட்டும். கவசத்தை மாற்றாமல் பூதத்திடம் போய் அடி வாங்குகிறாரா, வாங்கட்டும். மூன்று தடவை தோற்ற பிறகு "என்ன செய்யலாம்?" என்று அவர் திரும்பினால் மட்டும் ஒரு வரி. "கொண்டா, நான் செய்து தாரேன்" என்று கை நீட்டக்கூடாது. நீட்டிய கையில் கன்ட்ரோலர் வந்துவிடும், அப்புறம் அதைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

கடினம் எவ்வளவு என்று கேட்கும் திரையில் மிகச் சுலபமானதை வையுங்கள், அதைப் பற்றி ஒரு நையாண்டியும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஒரு மணி நேரத்தில் அவர் "போதும்" என்றால் போதும்தான். "இன்னும் கொஞ்சத்தில் நல்ல இடம் வரும்" என்று பிடித்துவைக்காதீர்கள்.

கதாபாத்திரத்துக்குப் பெயரை அவரே வைக்கட்டும், தன் பெயரோ, பூனையின் பெயரோ, உங்களைக் கடுப்பேற்ற உங்கள் அண்ணன் பெயரோ. அந்த சேவ் அவருடையது. அவர் தூங்கிய பிறகு ‘கொஞ்சம் லெவல் ஏற்றி வைப்போம்’ என்று அதைத் திறக்காதீர்கள். விடிந்ததும் தன் தோட்டத்தில் ஒரு பார்ஸ்னிப் கூடியிருந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.